தாத்தாவின் ரேடியோகிராம்: வால்வு வாங்குவதற்கு முன்

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்தில் பாட்டி வீட்டைக் காலி செய்கிறார்கள். தாத்தா 1960களின் தொடக்கத்தில் வாங்கிய ஜெர்மன் ஸ்டீரியோ ரேடியோகிராம் (ரேடியோவும் இசைத்தட்டு இயந்திரமும் சேர்ந்த பெட்டி) ஒன்று அங்கே நிற்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக யாரும் சுவிட்சைப் போட்டதில்லை. துணி விரித்து மேலே பூச்சாடி வைத்திருந்தார்களாம். பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் தூக்கிப்போகத் தயாராக இருக்கிறார். புது வீட்டில் பெட்டி முழுவதற்கும் இடமில்லை. உள்ளே இருக்கும் வால்வு ஆம்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை) மட்டும் எடுத்துச் சரிசெய்து, கைப்பேசியில் இருந்து பாட்டுக் கேட்க முடியுமா, அதற்கு ஒரு செட் புது வால்வு ஆர்டர் செய்யட்டுமா என்கிறார்.

கேட்கலாம், முடியும். ஆனால் வால்வு ஆர்டரை நிறுத்தி வையுங்கள் தம்பி. பழைய செட்டில் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருப்பது வால்வுதான். கண்ணாடிக்குள் காற்றில்லாமல் அடைபட்டுக் கிடப்பதால் நம் ஊர் ஈரம் அதைத் தொடவில்லை. அதைச் சுற்றி இருக்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்கள்தான் செத்துப் போயிருக்கும். அவற்றை மாற்றாமல் புது வால்வைச் செருகினால், அந்தப் புது வால்வும் கூடவே எரியும்.

இது ஏட்டில் படித்தது அல்ல. பல வருடம் முன்பு நண்பர் வீட்டில் இருந்து இப்படி ஒரு பெட்டியை லாரியில் ஏற்றி வந்தேன். ஆசை யாரை விட்டது? அன்றைக்கே சுவரில் செருகினேன். டயல் விளக்கு எரிந்தது, அரை நிமிடத்தில் பாட்டும் வந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டிவிட்டு கோப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்தால் தார் உருகும் வாசனை. ஒரு பக்க வால்வுக்குள் இருக்கும் தகடு செக்கச் சிவந்து பழுத்திருந்தது. அவசரமாகப் பிடுங்கினேன். வால்வு பிழைத்துக்கொண்டது, அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. அதே அளவில் இன்னொன்று கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று. இத்தனைக்கும் காரணம், விரல் நுனி அளவு கண்டென்சர் ஒன்று.

அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. முதல் வால்வின் ஆனோடில், அதாவது அதன் தகட்டில், நூறு வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் (டிசி) நிற்கிறது. அதன்மேல் பாட்டு சின்ன அலையாக ஏறி வருகிறது. அடுத்து இருக்கும் பெரிய வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிடுக்கு அந்த அலை மட்டும் போக வேண்டும், நேர்மின்சாரம் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. நடுவில் மடை மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் இணைப்புக் கண்டென்சர். அந்தக் காலத்தில் அதைக் காகிதத்தையும் மெல்லிய உலோகத் தாளையும் சுருட்டி, மெழுகோ தாரோ ஊற்றி அடைத்துச் செய்தார்கள். அறுபது வருட ஈரம் அந்தக் காகிதத்தில் ஏறினால் மடை கசிகிறது. கிரிடில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறியதும் பெரிய வால்வு கட்டுப்பாடில்லாமல் மின்சாரத்தை இழுக்கிறது. தகடு சிவக்கிறது, பின்னாலேயே டிரான்ஸ்ஃபார்மர் கருகுகிறது. ஈரப்பதம் சராசரியாகவே எண்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊரில் இருக்கிறோம். ஐரோப்பாவில் தப்பித்த காகிதக் கண்டென்சரும் இங்கே தப்பித்திருக்காது.

சரி, எங்கே தொடங்குவது? செருகும் முன் பின்பலகையைக் கழற்றி வால்வுகளின் பெயரைப் படியுங்கள். ஐரோப்பிய வால்வின் முதல் எழுத்து, அதைச் சூடாக்கும் இழையான ஹீட்டரைச் சொல்லும். ‘இ’யில் (E) தொடங்கினால், அதாவது இஎல்84, இசிசி83, இசிஎச்81 என்று இருந்தால், 6.3 வோல்ட் ஹீட்டர். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ‘யு’வில் (U) தொடங்கினால், யுசிஎச்81, யுஎல்84 என்றிருந்தால், எல்லா ஹீட்டரும் 100 மில்லி ஆம்பியரில் மாலை மாதிரி வரிசையாகக் கோத்திருக்கும். அந்த வகையில் சுவர் மின்சாரத்தைப் பிரித்து வைக்க டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பிளக்கைத் திருப்பிச் செருகினால், பாகங்களைத் திருகி வைத்த உலோகச் சட்டமான சேசிஸே 230 வோல்ட்டாக மாறிவிடும். ‘யு’ செட்டாக இருந்தால் கைப்பேசி இணைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அனுபவமுள்ளவர் கையில் கொடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு இஎல்84, ஒரு இசிசி83, டியூனிங் காட்டும் பச்சைக் கண் இஎம்84 தெரிகின்றன, டிரான்ஸ்ஃபார்மரும் தெரிகிறது. நல்ல ஜாதகம்.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் சின்ன வட்டு இருக்கும்: 110, 127, 220, 240 என்கிற மாதிரி. நமக்கு 230. 240 இருந்தால் அதில் வையுங்கள், யோசிக்கவே வேண்டாம். 220 மட்டும் என்றால் உள்ளே எல்லாமே நாலரை சதவீதம் கூடுதலாக இருக்கும், ஹீட்டருக்கு 6.3க்குப் பதிலாக 6.6 போகும். வால்வு அதைத் தாங்கும். ஆனால் பெரிய வால்வின் சூட்டைப் பிறகு அளந்து பார்த்தே ஆக வேண்டும், அதற்கு வருகிறேன். (அமெரிக்க ரேடியோகிராம், அதாவது கன்சோல், யாராவது வைத்திருந்தால் ஒரு வார்த்தை. வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஆம்ப் பாடும், ஆனால் தட்டு சுழலாது. அதாவது சுழலும், மெதுவாகச் சுழலும். அந்த மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று 28க்கும் கீழே இறங்கிவிடும். பி. சுசீலா பாடினால் டி. எம். சௌந்தரராஜன் மாதிரி கேட்கும்.)

பழைய இரண்டு முள் பிளக்கையும் வெடித்த வயரையும் வெட்டி எறியுங்கள். மூன்று இழை கேபிள் போட்டு, பச்சை மஞ்சள் வயரைச் சேசிஸில் திருகி, நம் மூன்று முள் பிளக்கில் 13 ஆம்பியருக்குப் பதில் 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். செட்டுக்கு உள்ளே இருக்கும் கண்ணாடி ஃபியூஸ் மூலத்தில் எழுதிய அளவிலேயே இருக்க வேண்டும். பல செட்களில் முன்பு யாரோ வெள்ளித்தாள் சுற்றி வைத்த ஃபியூஸைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாதுகாப்பு. இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம். உள்ளே 250 முதல் 350 வோல்ட் வரை நேர்மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் அது தங்கியிருக்கும். பத்தாயிரம் ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் காப்பிட்ட வயரும் முதலைக் கிளிப்பும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சேசிஸில் மாட்டி, மறு முனையைக் கண்டென்சரில் பத்து விநாடி வைத்துப் பிடித்து, பிறகு மீட்டரால் அளந்து, கிட்டத்தட்டச் சுழி என்று பார்த்த பின்னரே விரலை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் செய்யும் வீரம் வேண்டாம். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டி வந்தால் இடது கை பாக்கெட்டில். ரப்பர் செருப்பு காலில். கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதே என்று நம்பியும் இருக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் நிலத்துக்குக் கசிந்தால் அது வெட்டும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கும் 300 வோல்ட்டில் உங்கள் இரு கையும் மாட்டிக்கொண்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

முதல் முறை மின்சாரம் கொடுக்க நம்ம ஊர் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்பே போதும். செட்டுக்குப் போகும் ஒரு வயரின் நடுவில் நூறு வாட் இழை பல்பு. எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. இழை பல்பு இப்போது அரிதாகிவிட்டதால் 70 வாட் ஹாலஜன் பல்பாவது எங்காவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பளிச்சென்று மின்னி, பிறகு மங்கினால் நல்லது. முதலில் எல்லா வால்வையும் கழற்றி, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரின் இணைப்பையும் எடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் இப்படி அரை மணி நேரம் ஓட விடுங்கள். பல்பு அணைந்த மாதிரி இருந்து, டிரான்ஸ்ஃபார்மர் கையில் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் செட்டின் இதயம் நன்றாக இருக்கிறது. அது போயிருந்தால், உண்மையைச் சொல்கிறேன், உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டு யோசிக்க வேண்டியதுதான்.

இதயம் நன்றாக இருந்தால் கண்டென்சர்களுக்கு வருவோம். சேசிஸைக் கவிழ்த்தால் பல்லி முட்டை, கரப்பான் இறகு எல்லாம் கொட்டும். பயப்படாதீர்கள். பழைய சாயத் தூரிகையால் சுத்தம் செய்து, எதையும் தொடும் முன் கைப்பேசியில் இருபது முப்பது படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கண்டென்சர்: ஒன்றை எடு, ஒன்றை வை, ஈயம் வை, அடுத்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எது எங்கே என்று விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

காகிதக் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சோதித்துப் பார்த்து நல்லதை விட்டு வைக்கலாமே என்று கணக்குப் போடாதீர்கள். பத்துப் பதினைந்து இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி சமாசாரம். அதே மைக்ரோஃபாரட் அளவில் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள். 0.022க்கு 0.02 என்று பழைய தாளில் இருந்தால் கவலை இல்லை. சுவர் மின்சாரத்தின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் கண்டென்சர் மட்டும் தனிச் சாதி. அங்கே எக்ஸ்2, மெயினில் இருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய்2 என்று முத்திரை உள்ளதைத்தான் போட வேண்டும், மற்றது வெடித்தால் தீப்பிடிக்கும். வீட்டு ஆர்சிசிபி செருகியவுடன் விழுகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி சேசிஸுக்குப் போகும் இந்தப் பழைய கண்டென்சர்தான். வட்டமான செராமிக், பளிங்கு மாதிரி இருக்கும் ஸ்டைரோஃபிளெக்ஸ் ஆகியவற்றைத் தொடாதீர்கள். அவை நன்றாக இருக்கும். ரேடியோ பகுதியில் அவற்றை அசைத்தால் டியூனிங்கே இடம் மாறும்.

மேலே நிற்கும் அலுமினியக் குவளைதான் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், பொதுவாக ஒரே குவளைக்குள் 50 மைக்ரோஃபாரட் இரண்டு. அதற்குள் இருந்த ஈரப்பசை காய்ந்துபோனால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பாட்டைவிடச் சத்தமாக வரும். குவளையை அழகுக்காக அப்படியே நிற்க விட்டு, அதன் வயர்களைத் துண்டித்து, சேசிஸுக்கு அடியில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி என்று எழுதிய இரண்டைப் பொருத்துங்கள். பழையதைத் துண்டிக்காமல் புதியதைப் பக்கத்தில் சேர்த்தால் கசிவு அப்படியே இருக்கும். இரைச்சல் இன்னும் குறையட்டும் என்று 220 மைக்ரோஃபாரட் போடும் ஆசையும் வேண்டாம். இஇசட்81 மாதிரி ரெக்டிஃபையர் வால்வு உள்ள செட்டில் முதல் கண்டென்சருக்கு 50தான் உச்சவரம்பு. கூட்டினால் சுவிட்சு போடும் ஒவ்வொரு முறையும் வால்வு அடி வாங்கும்.

உங்கள் செட்டில் ரெக்டிஃபையர் வால்வு தெரியவில்லை. சேசிஸில் திருகிய தட்டையான உலோகப் பெட்டி ஒன்று இருக்கும், அது செலீனியம் ரெக்டிஃபையர். வயதானால் அதன் உள்தடை கூடி வோல்டேஜ் படுத்துவிடும்; எரிந்தால் அழுகிய பூண்டு மாதிரி நாறும், அந்தப் புகை நச்சு. கழற்றிவிட்டு நான்கு 1என்4007 டயோடை வைத்தால் போதும். ஆனால் ஒன்று: சிலிக்கான் டயோடு செலீனியத்தைவிட அதிக வோல்டேஜை விடும். அதனால் தொடரில் 50 முதல் 100 ஓம் வரை, 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்து, சர்க்யூட் தாளில் சொன்ன வோல்டேஜ் வரும்வரை சரிசெய்யுங்கள். இந்த ரெசிஸ்டரை மறந்துவிட்டு “வால்வு ஏன் சீக்கிரம் தேய்கிறது?” என்று கேட்பவர்கள் நிறைய.

மற்ற ரெசிஸ்டர்களை ஒரு முனை கழற்றி அளந்து, இருபது சதவீதத்துக்கு மேல் தள்ளிப் போனதை மாற்றுங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர் பெரும்பாலும் மேலேதான் ஏறும். வால்வு கால்களிலும் சாக்கெட்டிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தொடர்பு சுத்தம் செய்யும் திரவத்தால் துடையுங்கள். பியானோ கட்டை மாதிரி இருக்கும் சுவிட்சுகளுக்கும் அதுவேதான். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், பிசுக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? சுங்கே ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியதும் பழைய பாகங்களைக் குவியலில் கிளறித் தேடும் சுகம் போயிற்று. புதுக் கண்டென்சருக்கும் ரெசிஸ்டருக்கும் ஜாலான் புசார் முனையில் இருக்கும் சிம் லிம் டவர்தான். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய கண்டென்சரைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்கார அங்கிள் டப்பாவில் கையை விட்டு எடுத்துத் தருவார்.

இப்போது வால்வைச் செருகி, ஸ்பீக்கரை மாட்டி, சீரிஸ் லேம்போடு சுவிட்சைப் போடலாம். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட விடவே கூடாது. சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறிக் காப்பு கிழிந்துவிடும். ஐந்து நிமிடம் இருட்டில் பார்த்துக்கொண்டிருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் சரி, தகடு சிவந்தால் உடனே பிடுங்கு. எல்லாம் அமைதியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்து அளவெடுப்போம். கறுப்பு முனை சேசிஸில். இஎல்84இன் இரண்டாம் கால் கிரிட், அங்கே பாசிட்டிவ் வோல்டேஜ் இருக்கவே கூடாது. மூன்றாம் கால், எலக்ட்ரான் கிளம்பும் கேத்தோடு. அங்கே இருந்து சேசிஸுக்கு 135 ஓம் ரெசிஸ்டர் போயிருந்தால் 7.3 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 7.3ஐ 135ஆல் வகுத்தால் 54 மில்லி ஆம்பியர். வால்வுக்குள் இருக்கும் இன்னொரு வலையான திரை கிரிடுக்குப் போகும் ஐந்தாறைக் கழித்தால் ஆனோடுக்கு 48. ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே 243 வோல்ட் இருந்தால் 11.7 வாட். அந்த வால்வின் எல்லை 12 வாட். அதாவது தயாரித்தவர்கள் தாளில் எழுதிய கணக்கே விளிம்பில்தான் நிற்கிறது. 220இல் வைத்து 230 கொடுத்தால் விளிம்பைத் தாண்டும். அப்படிக் கண்டால் 135ஐ எடுத்துவிட்டு 160 ஓம் போடுங்கள். சத்தத்தில் வித்தியாசம் காதுக்குத் தெரியாது, வால்வின் ஆயுளில் தெரியும்.

இரண்டு பக்கமும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் பழைய வால்வுகள் நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். கேத்தோடில் ஒன்று 7 வோல்ட், இன்னொன்று 4 என்றால் மட்டும் புதிதாக ஒரு ஜோடி. இஎல்84, இசிசி83 இரண்டையும் கித்தார் ஆம்ப்காரர்கள் புண்ணியத்தில் இன்றைக்கும் ஸ்லோவாக்கியாவில் தயாரிக்கிறார்கள், பதற வேண்டாம். பழையதை எறியாதீர்கள்.

ஆம்பை மட்டும் வெட்டி எடுக்கும் யோசனைக்கு வருகிறேன். அமெரிக்க கன்சோல்களில் பலவற்றில் ஆம்ப் தனிச் சேசிஸில் இருக்கும், நான்கு திருகைக் கழற்றினால் கையோடு வரும். ஜெர்மன் செட்டில் ரேடியோ, டோன் கட்டுப்பாடு, ஆம்ப் எல்லாம் ஒரே சேசிஸில் பின்னிக் கிடக்கும். அதில் ஆம்பைப் பிரிப்பது பலாப்பழத்தில் சுளையை விட்டுவிட்டுக் கொட்டையை மட்டும் எடுப்பது மாதிரி. சேசிஸை முழுதாக எடுத்து, டயல் கண்ணாடியோடு சேர்த்து, பின்புறம் காற்றோட்டமுள்ள சின்ன மரப்பெட்டியில் வையுங்கள். ஸ்பீக்கர்களையும் விடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து வாட்தான் வரும். அந்தக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர்கள் அந்த ஐந்து வாட்டில் வீட்டையே நிறைக்கும், இன்றைய சின்ன அலமாரி ஸ்பீக்கர்கள் முனகும். ஆனால் என்னைக் கேட்டால் பெட்டியையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தொலைக்காட்சியை அதன்மேல் வைத்தால் இடப் பிரச்சினையும் தீர்ந்தது.

கைப்பேசியை இணைக்க, செட்டின் பின்புறம் ஐந்து துளை உள்ள வட்டமான டின் (DIN) சாக்கெட் இருக்கும், ‘டிஏ’ (TA) என்று எழுதியதைப் பாருங்கள், இசைத்தட்டுக்கானது. மூன்றும் ஐந்தும் இடது வலது, இரண்டு பொது. அந்தக் காலத்துச் செராமிக் முள்ளுக்காகச் செய்த வழி என்பதால் கைப்பேசியின் வெளியீடே போதும், நடுவில் சிக்னலைப் பெருக்க வேறு ப்ரீஆம்ப் தேவையில்லை. மலிவான புளூடூத் ரிசீவரை அதில் செருகிவிடலாம்.

ரேடியோவையும் சாக விடாதீர்கள். உங்கள் டயலில் எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேல் இருக்கும் நிலையங்கள் கிடைக்காது. நம் தமிழ் வானொலி ஒலி 96.8 உள்ளே இருக்கிறது. பின்னால் இருக்கும் ஆன்டெனா சாக்கெட்டில் ஒன்றரை மீட்டர் வயரைச் செருகி முள்ளை மெதுவாகத் திருப்பினால், அந்த இடத்தில் பச்சைக் கண்ணின் இடைவெளி சுருங்கும். பாட்டியை அப்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். தாத்தா எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவார் என்று அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.